உப்புத்தாளும் ஒரு வாளித் தண்ணீரும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. பழைய காருக்குக் குறைந்த செலவில் அடித்த பெயிண்டை எப்படித் தேற்றுவது என்று வானொலியில் பேசச் சொன்னார்கள். என் பட்டறை வாசலில் வாரம் ஒருவராவது இதே கேள்வியோடு வந்து நிற்பதால், உடனே ஒப்புக்கொண்டேன்.

போன வருடம் கார்த்திகை மாதம் ஒரு பிரீமியர் பத்மினி வந்தது. கருநீலம். ஓட்டி வந்தவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக எங்கோ ஒரு பட்டறையில் விட்டு, மூன்றே நாளில் அடித்து வாங்கியிருக்கிறார். பத்தடி தள்ளி நின்றால் புது வண்டி. கிட்டே வந்தால் மனசு கஷ்டப்படும். பானெட் முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. டிரைவர் பக்கக் கதவில் பெயிண்ட் வழிந்து கண்ணீர்க் கோடு போலக் காய்ந்திருந்தது. கண்ணாடி ரப்பர் எல்லாம் நீலம். கூரையில் ஒரு கொசு, பெயிண்டுக்குள்ளேயே சமாதி.

“மேஸ்திரி, மறுபடியும் அடிக்க என்கிட்ட காசு இல்லப்பா. வீட்டம்மா இந்த வண்டியிலதான் கல்யாணம் ஆகி வந்தாங்க. இப்படியே பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல” என்றார்.

“அடிக்கவே வேணாம் சார். பத்து நாள் விட்டுட்டுப் போங்க” என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

காற்று இல்லாத காலை நேரத்தில் ஊசுட்டேரிக் கரையில் நின்றிருக்கிறீர்களா? கரையில் நிற்கும் மரம் தண்ணீருக்குள் இலை இலையாகத் தலைகீழாகத் தெரியும். கொஞ்சம் காற்று அடிக்கட்டும், மரம் கலைந்துபோகும். அதே தண்ணீர்தான், அதே மரம்தான். மேல்பரப்பு மட்டும் சுருங்கிவிட்டது. கார் பெயிண்டும் அப்படித்தான். மலிவு வேலையில் நீங்கள் பார்த்து வருத்தப்படுவது பெரும்பாலும் நிறத்தின் குறை கிடையாது. பெயிண்ட் துளி விழுந்து, பரவிச் சமமாவதற்குள் காய்ந்துவிட்டது. அதனால் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. இதைத்தான் ஆரஞ்சுத் தோல் என்கிறோம். அந்த மேடுகளை மட்டும் சீவி எடுத்துவிட்டால், அதே பெயிண்டில் உங்கள் முகம் தெரியும்.

இதை நான் பட்டறையில் கற்றுக்கொள்ளவில்லை. என் தகப்பனார் சுண்ணாம்புக் கொத்தனார். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் இருக்கும் பழைய பிரெஞ்சு வீடுகளில் பூச்சு வேலை செய்தவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. வழவழப்பான கல்லை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். தேய்ப்பார்கள், தேய்ப்பார்கள், பூச்சு வியர்க்கிற வரைக்கும் தேய்ப்பார்கள். வியர்த்த ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடியும் தேய்ப்பார்கள். சாப்பாடு கொண்டுபோகும் சிறுவனான நான், அந்தச் சுவரில் என் தூக்குச்சட்டியின் நிழலுருவைப் பார்த்திருக்கிறேன். சுவருக்கு யாரும் வார்னிஷ் அடிக்கவில்லை. மினுமினுப்பு முழுக்கக் கையிலிருந்து வந்தது. பிறகு நான் கார் வேலைக்குப் போனபோது, “எலே, ரெண்டும் ஒரே வேலதான்டா. அங்க கல்லு, இங்க காகிதம்” என்றார்.

அந்தக் காகிதத்தைத்தான் நாம் உப்புத்தாள் என்கிறோம். பட்டறையில் வாட்டர் பேப்பர். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுப்புத் தாள். இந்தத் தாள் அமெரிக்காவில் 3எம் கம்பெனியிலிருந்து 1921இல் வந்தது. அதற்கு முன்னால் காய்ந்த தாளில்தான் தேய்ப்பார்கள். பெயிண்டில் ஈயம் கலந்திருந்த காலம் அது. தூசு முழுக்கத் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகும். தண்ணீரில் தேய்க்க முடிந்ததும் தூசு வாளிக்குள் அடங்கியது. எங்கள் தொழிலாளிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு சங்கதியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் இதே உப்புத்தாளைக் கார் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். அப்போது இரண்டு நிறக் கார்கள் பிரபலம். ஒரு நிறத்தை மறைத்து இன்னொன்றை அடித்துவிட்டு, ஒட்டிய தாளை உரிக்கும்போது கீழே இருந்த பெயிண்டும் சேர்ந்து பிய்ந்து வந்தது. பெயிண்டர் தவித்ததைப் பார்த்த அவர், பெயிண்டைப் பிய்க்காத ஒரு ஒட்டுநாடாவைச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், 1925இல் கொண்டுவந்தார். அதுதான் மாஸ்கிங் டேப். அந்த டேப், ஒரு கார் பெயிண்டரின் தவிப்பிலிருந்து பிறந்தது. நேயர்கள் அதைக் கையில் எடுக்கும்போது எங்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பத்மினிக்கு வருகிறேன். தேய்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன பெயிண்ட் என்று தெரிய வேண்டும். டிக்கியின் உட்பக்க ஓரம் மாதிரி கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். நிறம் உடனே கரைந்து துணிக்கு வந்தால் அது என்.சி. பெயிண்ட், நம் ஊரில் டூக்கோ என்று சொல்கிறோமே, அது. பெயிண்ட் சுருங்கித் தூக்கினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகாமல் கல் மாதிரி இருந்தால் அது பி.யு. எனும் பாலியூரித்தேன். டூக்கோவில் தின்னர் பறந்ததும் வேலை முடிந்தது, சில நாளில் தேய்க்கலாம். எனாமல் அப்படி இல்லை. காற்றோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறுகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தேய்க்கத் தொடங்கினால் தாளில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். இரண்டு மாதமாவது வெயிலில் நிற்கட்டும். தலைமை ஆசிரியரின் வண்டியில் இருந்தது டூக்கோ. நல்ல காலம்.

பிறகு கழுவ வேண்டும். இதை நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டி மேல் ராத்திரி முழுக்க உப்பு படிகிறது. அந்த உப்போடு தாளை வைத்துத் தேய்த்தால், நீங்கள் தேய்ப்பது மணலால். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள்.

இப்போது தாள். மேடு அதிகமாக இருந்தால் ஆயிரம் நம்பர், பிறகு ஆயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம். நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும். முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவேன். வாளியில் கொஞ்சம் ஷாம்பு. தாளை வெறும் விரலால் அழுத்தவே கூடாது, விரல் போன இடத்தில் வாய்க்கால் விழும். பழைய ஹவாய்ச் செருப்பின் ரப்பரைக் கைக்கு அடக்கமாக வெட்டி, அதில் தாளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு முழுக்கப் பெயிண்டர்கள் கையில் இருப்பது இந்தச் செருப்புத் துண்டுதான். என்னிடம் இருப்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் கொடுத்தது. ஓரமெல்லாம் உருண்டு சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது.

நேராகத் தேய்க்க வேண்டும், வட்டமாக வேண்டாம். ஆயிரத்தில் கிழக்கு மேற்காகப் போனால், ஆயிரத்து ஐந்நூறில் வடக்கு தெற்காகப் போங்கள். அப்போதுதான் முந்தின தாளின் கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்த மேடெல்லாம் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருக்கும். தேயாத பள்ளம் மட்டும் புள்ளி புள்ளியாக மின்னும், இரவு வானம் மாதிரி. அந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதைத் துரத்திப் போகிறவன் கையில்தான் பெயிண்ட் ஓட்டையாகும்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது சத்தம். வானொலியில் அதை எப்படிச் சொல்வது? முதலில் தாள் கரகரவென்று இழுக்கும். மேடு குறையக் குறையச் சத்தம் மெலிந்து, பட்டுப் புடவை மடிக்கிற மாதிரி ஒரு சரசரப்பு வரும். பிறகு அதுவும் அடங்கிப்போகும். தாள் தண்ணீர் மேலேயே மிதந்து போகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், இந்த இடம் முடிந்தது என்று. என் வாத்தியாருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, “அந்த இடது ஓரம் இன்னும் பேசுது பாரு” என்பார். போய்த் தடவிப் பார்த்தால் பேசும்.

அவரிடம் சேர்ந்த புதிதில் ஒரு அம்பாசடர் பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியின் பானெட்டில் அழகான முறுக்கு ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியும். பெயிண்ட் எப்போதும் அப்படிப்பட்ட விளிம்பில்தான் மெல்லிசாக நிற்கும். தேய்க்கும்போது பால் மாதிரி வழிகிற தண்ணீரில் கொஞ்சம் செந்நிறம் கலந்து வந்தது. வாளியிலிருந்து வந்த அழுக்கு என்று நினைத்தேன். அடுத்த இரண்டு இழுப்பில் விளிம்பு நீளத்துக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் தெரிந்தது. இரண்டு நாள் வேலை போனது. வாத்தியார் திட்டவில்லை. டேப்பைக் கொண்டுவந்து, வண்டியின் எல்லா விளிம்புகளிலும் அவரே உட்கார்ந்து ஒட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து விளிம்பில் டேப் ஒட்டாமல் தாளை எடுத்ததில்லை. தேய்க்கும்போது வருகிற பால் காரின் நிறத்தில் இருக்கிற வரைக்கும் சரி. சாம்பலாகவோ செந்நிறமாகவோ மாறினால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். உங்களிடம் இருக்கும் பெயிண்ட் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு எப்போதும் இருக்கட்டும்.

கதவில் வழிந்திருந்த கோட்டை முதலில் புது பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சீவி, பிறகு எண்ணூறாம் நம்பரில் சமமாக்கினேன். கொசுவையும் அப்படியே. கூரை, பானெட், நான்கு கதவு என்று ஐந்து நாள் போனது. தலைமை ஆசிரியர் மூன்றாம் நாள் வந்து பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டார். வண்டி முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி மங்கிக் கிடந்தது. “என்னப்பா, இருந்ததும் போச்சே!” என்றார். நேயர்களே, இந்தக் கட்டத்தில் எல்லாரும் பயப்படுவார்கள். பயப்படாதீர்கள், கண்டிப்பாக மங்கித்தான் ஆக வேண்டும்.

அதன்பிறகு ரப்பிங் கம்பவுண்ட், பிறகு பாலிஷ். நேரம் கருதி இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிழலில் செய்யுங்கள். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு அருமையானது. தையல் மடிப்பு இருக்கிற துண்டை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், அது கோடு போடும். மிஷின் இருந்தால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூட்டில் பெயிண்ட் வெந்துவிடும். ஒரு முழம் அகலம் எடுத்து முடித்துவிட்டு அடுத்த முழத்துக்குப் போங்கள். மங்கலுக்குள்ளிருந்து நீலம் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பட்டறைக் கூரையில் இருக்கும் டியூப் லைட் அந்த நீலத்தில் நேர்கோடாகத் தெரிந்தால் வேலை சரி. பாம்பு மாதிரி நெளிந்தால் தாளுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மேலே பனை மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகைச் சொல்கிறேன். கடற்காற்றுக்கு அது ஒரு சட்டை. ரப்பர்களில் படிந்திருந்த நீலத்தைத் தின்னர் தொட்ட துணியால், பெயிண்டில் படாமல், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தோம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ரப்பர் கறுப்பாகவும் குரோமியம் வெள்ளையாகவும் இருந்தால், நடுவில் இருக்கும் பெயிண்ட் தானாகவே ஒரு படி உயர்ந்து தெரியும்.

இவ்வளவும் சொன்னவன் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தப்பு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் முழுக்க மரம் சாய்ந்தது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பட்டறைகளில் இடமே இல்லை. கூரை நசுங்கிய கார்கள் தெருவில் வரிசையில் நின்றன. எல்லாருக்கும் அவசரம். உப்புத் தண்ணீர் பட்ட தகட்டைத் தட்டி நிமிர்த்தி, சரியாகக் கழுவாமல் பட்டி பூசி அடித்த வண்டிகள் பல. ஒரு வருடம் கழித்து அவை கொப்புளத்தோடு என்னிடம் வந்தன. அடியில் உட்கார்ந்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும், துரு பெயிண்டைத் தூக்கும். அதற்கு எந்தத் தாளும் எந்த பாலிஷும் மருந்து இல்லை. விரலால் அழுத்தினால் கொப்புளம் பொருபொருவென்று உடைகிறதா, அந்த இடத்தைத் தகடு வரைக்கும் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கதவின் அடி ஓரம், சக்கரத்துக்கு மேல் வளைவு, இந்த இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். பத்மினியில் பின்கதவின் அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு இருந்தது. அதை மட்டும் அறுத்து எடுத்து அடித்தோம்.

அதை அடிக்க வேண்டிய நாளில் பிடிவாதமாக மழை. ஐப்பசி கார்த்திகையில் டூக்கோ அடித்தால் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகடு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னர் கலந்தால் தப்பிக்கலாம். மழை விடும்வரை காத்திருப்பது அதைவிட நல்லது. நாங்கள் நான்கு நாள் காத்திருந்தோம். பத்து நாள் என்று சொன்ன வேலை பதினைந்தாகிவிட்டது.

வீட்டில் நீங்களே பெயிண்ட் அடித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள், பிள்ளைகளைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பி.யு. பெயிண்டை ஸ்பிரே அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். மூக்கில் கட்டுகிற கைக்குட்டை அதைத் தடுக்காது. என்னோடு வேலை கற்றவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள். அந்த வேதனையோடுதான் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். காலையில் வண்டி மேல் இருக்கும் தூசியைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், பதினைந்து நாள் உழைப்பில் பதினைந்து நிமிடத்தில் கோடு போட்டுவிடும். பளபளப்புக்காக டீசல் தொட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் ஊறி வீணாகும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர் போதும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், மறக்க வேண்டாம்.

பத்மினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்படைத்தேன். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டார்கள் அல்லவா? தலைமை ஆசிரியர் தம் மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஏழரைக்குத் தடுப்பை எடுக்கும்போது முதல் வண்டியாகப் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். கிழக்கிலிருந்து தாழ்வாக வரும் காலை வெயிலைவிடக் கண்டிப்பான பரிசோதகர் பெயிண்டருக்குக் கிடையாது. நெஞ்சு படபடக்கத்தான் போனேன். காந்தி சிலைக்குப் பக்கத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது, கதவின் நீலத்தில் கடலின் விளிம்பு ஒரே கோடாக ஓடிக்கொண்டு வந்தது. பின்கதவின் அடியில், புதிதாக அடித்த அந்த ஒரு விரல்கடையில் மட்டும், நிறம் ஒரு நூல் வித்தியாசம். எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டி, கதவைத் தடவிக்கொண்டே வந்தார்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டியையும் ஒருநாள் அப்படிப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். இன்று ராத்திரி ஒரு தாளை மட்டும் ஊறப் போட்டு வையுங்கள்.